பக்கத்து சீட்டின் சூடு

பிப்ரவரி 9

தம்பி மகளுக்குப் பெரியப்பா சொல்லி எழுதும் கடிதம். இங்கே நான் சுகம். முட்டி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் சுகத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை, ஆகவே சுகம் என்று எடுத்துக்கொண்டேன்.

மெழுகுவத்தி ஆலை எரிந்து மூன்று நாள் தெருவெல்லாம் வழுக்கிய வருஷம் அது. ரயில்காரர்கள் நாற்பது நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த வருஷம்தான் உன் அப்பாவும் நானும் சேர்ந்து அந்த வீட்டு வண்டியை வாங்கினோம். அதற்கு முன் ஒரு பல் டாக்டர் வைத்திருந்தார். பின்னால் கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி. முன்னால் இரண்டு சீட்டு. இரண்டுக்கும் நடுவில் இன்ஜின், அதன்மேல் கூடையைக் கவிழ்த்த மாதிரி ஒரு மூடி. ஊர் ஊராகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளுக்கு வண்ணம் அடிப்பது எங்கள் தொழில். தொட்டியில் ஏறுகிறவன் அவன், வண்டி ஓட்டுகிறவன் நான். உன் அம்மாவும் உன் பெரியம்மாவும் கூடவே வருவார்கள்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவள் மாதிரி கேட்டிருக்கிறாய். வண்டியை ஷெட்டிலிருந்து எடுத்தாயாம். ஓட்டினால் முன்பக்கம் அடுப்பு மாதிரி சுடுகிறதாம். ஹீட்டரை மூடினாலும் நிற்கவில்லையாம். முப்பத்தொரு வருஷத்தில் உன் வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் ஒரு ஹீட்டரைப் பற்றி. நான் கேட்பது ஒன்றுதான். இதை யார் எழுதச் சொன்னது? வண்டிக் காகிதத்தில் என் பேரும் இருக்கிறது. கைநாட்டு ஏதாவது வேண்டுமென்றால் சுற்றி வளைக்காமல் கேள்.

இருந்தாலும் வண்டியைப் பற்றி ஒருவர் கேட்டுத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. முதலில் இன்ஜின் மூடியைப் பார். அதன் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை ஓடும். மூடியைத் தூக்கி, பட்டைமேல் ஒரு துண்டுக் காகிதம் வைத்து, மூடிப் பூட்டிவிட்டு இழு. காகிதம் சுலபமாக வந்தால் அந்த இடத்தில் ரப்பர் போய்விட்டது, சூடு அங்கேதான் ஏறுகிறது. சுற்றி எல்லா இடத்திலும் இப்படிப் பார்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாடி வீட்டு டீச்சர் எழுதுகிறார். மேலே 'அன்புள்ள' போடட்டுமா என்று கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.

பெரியப்பா

பிப்ரவரி 21

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? உங்களுக்கு எழுதுகிற டீச்சருக்கும் என் வணக்கம்.

யாரும் எழுதச் சொல்லவில்லை பெரியப்பா. கைநாட்டும் வேண்டாம். தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு நாலு ஊர் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு ஆசை, அவ்வளவுதான். மருந்துக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவளுக்கு உட்கார்ந்து எங்கேயாவது போக வேண்டும் போல இருக்காதா?

நீங்கள் சொன்ன மாதிரி காகிதம் வைத்துப் பார்த்தேன். மூன்று இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. பட்டையை உரித்துவிட்டுப் புதிது ஒட்டினேன். மூடிக்கு உள்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய கம்பளியும் வைத்தேன். சந்தை வரை போய் வந்தேன். சூடு பாதி குறைந்திருக்கிறது, மீதி பாதி போகவில்லை. அதிலும் ஓட்டுகிற பக்கத்தைவிடப் பக்கத்து சீட்டில் கால் வைக்கும் இடம்தான் ரொம்பச் சுடுகிறது. மெக்கானிக் வந்து பார்த்தார். "ஹீட்டருக்கு வெந்நீர் போற ரப்பர் ஓஸை வெட்டி நடுவுல ஒரு வால்வு வச்சிட்டா வேலை முடிஞ்சுது" என்றார். வைக்கலாமா?

ஜன்னல்களில் இன்னும் அந்தப் பச்சைத் திரைகள் இருக்கின்றன. துவைத்துப் போட்டேன், ஒரு நூல் பிரியவில்லை. யார் தைத்தது?

போன் நம்பர் கொடுத்தால் பேசுவேன்.

உங்கள் மகள்

மார்ச் 3

தம்பி மகளுக்கு. நான் இருக்கிறேன். ஒத்தடம் கொடுத்தேன், முட்டிக்கு அது பிடிக்கவில்லை. போன் என் காதுக்குள் இரைச்சலாக விழும், ஆகவே கடிதமே போதும். கடிதத்தில் இன்னொரு வசதி, ஒன்றுக்கு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்கலாம். உன்னுடையதை நாலு தடவை படிக்கச் சொன்னேன்.

தனியாக ஓட்டுகிறவளுக்குப் பக்கத்து சீட்டில் கால் சுடுவது எப்படித் தெரியும்?

இதற்குப் பதில் எழுது.

ஓஸை இப்போது வெட்ட விடாதே. வால்வு வைத்தால் சூடு நிற்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மாதிரி வண்டியில் வெந்நீர் எப்போதும் ஹீட்டருக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கம்பெனிக்காரன் அப்படித்தான் செய்திருக்கிறான். காற்றை அடைக்க உள்ளே ஒரு தகடு இருக்கிறது. முன்னால் உள்ள குமிழைத் திருப்பினால் ஒரு கம்பி அந்தத் தகட்டை இழுத்து மூடும். மூடினால் சூடு உள்ளே வராது. ஆகவே தகடு ஏன் மூடவில்லை என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு பதில் தெரியும். முப்பத்தொரு வருஷமாகத் தெரியும்.

திரை தைத்தது உன் பெரியம்மா. வண்டி ஓடும்போதே மடியில் வைத்துத் தைப்பாள். கழுத்தில் இஞ்ச் டேப் மாலை மாதிரி எப்போதும் தொங்கும். அந்த டேப்பில் ஒரு முனையை வெட்டியிருந்தாள். "எங்கடி மீதி?" என்று ஒரு நாள் கேட்டேன். "அவ்வளவு குண்டான ஆளு யாரும் நம்மகிட்ட தைக்க வர்றதில்ல" என்றாள். அவள் போன பிறகும் அது இங்கே என் அலமாரி ஆணியில்தான் தொங்குகிறது. எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் எனக்குத் தெரியும். ஐம்பத்தொன்றில் நின்றுவிடும்.

இன்னொன்று. வண்டி மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது என்று பார்த்து எழுது. ஒரு எண்கூட மாற்றாமல் எழுது. எனக்குச் சரிபார்க்க வழி இருக்கிறது.

பெரியப்பா

மார்ச் 29

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். இங்கே கொஞ்சம் வேலை. நீங்கள் சுகம்தானே?

மீட்டர் 88,397. அதில் நான் ஓட்டியது இருபத்து மூன்று.

பக்கத்து சீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

நீங்கள் இரண்டு கடிதத்திலும் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. கேட்காததால் நானும் எழுதவில்லை. அவர் பேரைக்கூட நீங்கள் எழுதுவதில்லை. அப்பாவுக்குச் சின்ன வயதில் நீங்கள் ஒரு பட்டப்பேர் வைத்திருந்தீர்கள், ஊரே அப்படித்தான் கூப்பிட்டது என்று அம்மா ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். பேர் என்னவென்று கேட்டால், "அதை அவங்க அண்ணன்தான் சொல்லணும்" என்று நிறுத்திவிட்டாள். என்ன பேர் பெரியப்பா?

உங்கள் மகள்

ஏப்ரல் 6

தம்பி மகளுக்கு. நான் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்தாயாம். நின்ற வண்டியில் அந்தத் தகடு வழியாகக் காற்றே வராது. ஓடும்போதுதான் வரும். நீ நல்ல பெண்தான், உனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்று தெரிகிறது. யார் உட்கார்ந்தது என்று மறுபடி கேட்க மாட்டேன். எனக்கே தோன்றுகிறது.

மீட்டர் எண்ணை டீச்சரிடம் மூன்று தடவை படிக்கச் சொன்னேன். டீச்சர் தப்பாகப் படிக்கிறாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டு, தபால்காரரிடம் காட்டினேன். அவரும் அதையே படித்தார். டீச்சருக்கு அதில் வருத்தம். என்ன செய்வது.

அன்று அந்தப் பாலத்தில் வண்டி நின்றபோது மீட்டர் 88,214. அன்று நடந்ததை உன் வீட்டில் எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பெரிய வேலை ஒன்று கிடைத்துப் போய்க்கொண்டிருந்தோம். ஒரே வளாகத்தில் ஆறு தொட்டி. அதுவரை அவ்வளவு பெரிய வேலை எங்களுக்கு வந்ததில்லை. நீ உன் அம்மா வயிற்றில் ஆறு மாதம். அதனால் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு, உன் பெரியம்மா முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உன் அப்பா நடுவில், இன்ஜின் மூடிமேல் சாக்கைப் போட்டுக்கொண்டு. கிளம்பியதிலிருந்தே சூடு. குமிழைத் திருப்பினேன், சும்மா சுற்றியது, ஒரு பிடிமானமும் இல்லை. முன்தினம்வரை சரியாக இருந்த குமிழ். கண்ணாடியை இறக்கலாம் என்றேன். "வேண்டாங்க, தூசி வரும், உள்ள கர்ப்பிணிப் பொண்ணு படுத்திருக்கா" என்றாள் உன் பெரியம்மா. அவள் மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காலுறைகூடப் போட்டுக்கொண்டு, "எனக்கொண்ணும் சுடலையே" என்றாள். என் மனம் கோணக்கூடாதென்று சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மேட்டில் ஏறிப் பாலத்துக்குள் திரும்பும்போது வியர்வை கண்ணில் இறங்கியது. தலை கிறுகிறுத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, வண்டியின் ஒரு பக்கம் பாலத்துச் சுவரை உரசிக்கொண்டே போகிற சத்தம் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தேன். முன்சக்கரம் ஒன்று சுவர் உடைந்த இடத்தில் வெளியே தொங்கியது. கீழே ஆறு. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பின்னால் வந்த லாரிக்காரர் கயிறு போட்டு இழுத்து விட்டார். பிறகு நான் டார்ச்சை எடுத்து முன்பலகைக்கு அடியில் பார்த்தேன். கம்பியின் கொக்கி தகட்டிலிருந்து கழன்று தொங்கியது. தானாகக் கழலுகிற கொக்கி இல்லை அது. மெல்லிய கை ஒன்று உள்ளே போய்க் கழற்ற வேண்டும். எங்கள் நாலு பேரில் மெல்லிய கை யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

"நீயா கழட்டினே?" என்றேன் உன் அப்பாவிடம்.

வாயைத் திறக்கவில்லை.

"ஏன்டா, ஸ்டீயரிங் உன் கைக்கு வரணும்னா கேட்டு வாங்கியிருக்கலாமே. என்னை வேகவச்சுத்தான் இறக்கணுமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். லாரிக்காரர் பார்க்க, ஒரு அறை விட்டேன். உன் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதோடு சரி. நாலு மாதத்தில் அவளும் போய்விட்டாள். அவன் அந்த வண்டியை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிப் பிழைத்திருப்பான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன்.

இப்போது நீ எழுதுகிறாய் 88,397 என்று. பாலத்திலிருந்து உன் வீட்டுக்கு நூற்றறுபது. நீ ஓட்டியது இருபத்து மூன்று. கூட்டினால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்படியானால் அன்று வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனவன், அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லையா? அல்லது மீட்டர் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டினானா? கொக்கி கழற்றத் தெரிந்தவனுக்குக் கம்பி கழற்றத் தெரியாதா? மெக்கானிக்கை விட்டு அதைப் பார்க்கச் சொல்.

பிறகு நீயே பக்கத்து சீட்டுக்கு முன்னால் குனிந்து, முன்பலகைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார். கொக்கி இன்னும் கழன்றேதான் இருக்கிறதா, தகடு எப்படி நிற்கிறது என்று எழுது. நான் அன்று கொக்கியை மட்டும்தான் பார்த்தேன். அதற்கு மேல் குனியக் கோபம் விடவில்லை.

பட்டப்பேரை நான் சொல்ல மாட்டேன். காரணத்தை வேண்டுமானால் சொல்கிறேன். ஏழு வயதில் கிணற்றில் விழுந்தான். நான் கயிறு தேடிக்கொண்டு ஓடி வருவதற்குள் தண்ணீர்மேல் மல்லாந்து மிதந்துகொண்டு, "மெதுவா வாண்ணே, ஒண்ணும் அவசரமில்ல" என்றான். அதிலிருந்து வைத்த பேர்.

பெரியப்பா

ஏப்ரல் 19

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்பதை இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை.

மீட்டர் கம்பியை மெக்கானிக் பார்த்தார். கம்பெனியில் வைத்த ஈய முத்திரை அப்படியே இருக்கிறது, இதை யாரும் கழற்றியதில்லை என்றார். அப்பா அந்தப் பாலத்திலிருந்து வந்த அன்று வண்டியை ஷெட்டில் விட்டதுதான். அதற்குப் பிறகு தொட்டியிலும் ஏறவில்லை. வீட்டுச் சுவர்களுக்குத்தான் வண்ணம் அடித்தார். வண்டி யாருடையது என்று யாராவது கேட்டால், "எங்க அண்ணனுது, விட்டுட்டுப் போயிருக்காரு" என்பார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கொக்கி கழன்றுதான் தொங்குகிறது. தகடு முழுக்கத் திறந்து நிற்கிறது. தானாக நிற்கவில்லை, ஒரு பட்டையான நாடாவால் பக்கத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. இரட்டை முடிச்சு. துடைத்துப் பார்த்தேன். நாடாவில் எண்கள் இருக்கின்றன. ஒரு முனை கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டியது. அங்கே ஐம்பத்திரண்டில் தொடங்குகிறது. இன்னொரு முனையில் பித்தளைத் தகடு, அறுபது.

மார்ச்சில் நீங்கள் எழுதிய கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். நான் எதுவும் சொல்லவில்லை பெரியப்பா. நான் அதை அவிழ்க்கவும் இல்லை.

உங்கள் மகள்

ஏப்ரல் 24

தம்பி மகளுக்கு.

தையல் பெட்டி வண்டியில் திறந்துதான் கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்து வெட்டியிருக்கலாம்.

முடிச்சை வெட்டாமல் மெதுவாக அவிழ்த்து அதை இங்கே அனுப்பு. பதிவுத் தபாலில் அனுப்பு.

பெரியப்பா

மே 2

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நீங்கள் அதை எழுதாமல் விட்ட முதல் கடிதம் உங்கள் போன கடிதம்.

நாடா இதோடு இருக்கிறது. நான் சீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து வண்டிப் படியில் உட்கார்ந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். "கிடைச்சிடுச்சா" என்றார். பிறகு அவரே பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"அண்ணிக்கு ரெண்டு மாசமா கை காலெல்லாம் ஜில்லுனு இருந்துச்சு. தனியா டாக்டர்கிட்ட போயிட்டு வந்தாங்க. ரத்தம் கெட்டுப்போச்சுன்னு சொன்னாராம். யாருக்கும் சொல்லல. கிளம்பற அன்னைக்குக் காலையில என்னைக் கூப்பிட்டு, 'தம்பி, எனக்குக் கால் விறைச்சுப் போகுது, இந்தச் சூட்டுக் காத்து மூடாம இருக்கணும். என் கை கொக்கி வரைக்கும் எட்டல. நீ அதைக் கழட்டு, தகட்டை நான் கட்டிக்கிறேன்'னாங்க. அண்ணன்கிட்ட சொன்னா அவரே திறந்து விடுவாரேன்னேன். 'எதுக்குன்னு கேப்பாரு. சொன்னா வண்டியைத் திருப்பிடுவாரு. ஆறு தொட்டி வேலை முடியட்டும், நானே சொல்லிக்கிறேன்'னாங்க. சத்தியம் பண்ணச் சொன்னாங்க. பண்ணினேன்."

"பாலத்துல பெரியப்பா கேட்டப்ப சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"அண்ணி என்னைப் பாத்தாங்க."

"அவ்வளவுதானா?"

"அந்தப் பார்வையை நீ பாக்கலையேம்மா."

"சரி, பெரியம்மா போனதுக்கப்புறமாவது?"

அப்பா நகத்தில் ஒட்டியிருந்த வண்ணத்தைச் சுரண்டினார். "என் மேல கோபம்னா மனுஷன் சாப்பிடுவாரு, தூங்குவாரு. பக்கத்து சீட்டுலயே உக்காந்து அவ விறைச்சிட்டிருந்தா, நான் கவனிக்கலையேன்னு அவர் மேலயே அவருக்குக் கோபம் வந்துட்டா? தனி ஆளு. யாரு பக்கத்துல இருக்கா?" என்றார். பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தார். "அறைன்னா அது அறை. ஆறு தொட்டி மேலருந்து விழுந்தாலும் அந்த மாதிரி வலிக்காது."

நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான் பெரியப்பா. நான் தனியாக ஓட்டவில்லை. சந்தை வரை போனபோது பக்கத்து சீட்டில் அப்பா இருந்தார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றினால் இரண்டு பாதமும் சிவந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தகடு கட்டியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமே, ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று இப்போது கேட்டேன். "சொல்லிட்டா நீ அண்ணனுக்கு எழுதறதை நிறுத்திடுவியே" என்கிறார். உங்கள் கடிதங்களை நான் பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் படித்திருக்கிறார். "அண்ணன் முட்டிக்கு வெந்நீர் ஒத்துக்காது, தவிட்டு ஒத்தடம்தான் சரி, அதை எழுது" என்றார்.

மார்ச்சில் நான் தாமதித்தது வேலையால் இல்லை. அப்பா பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இதயம் வீங்கியிருக்கிறது. சூடு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்கிறார். பஸ்ஸில் உட்கார முடியாது. வீட்டு வண்டியென்றால் நடுநடுவே பின்னால் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் முன்பக்கச் சூட்டை நிறுத்த வேண்டியிருந்தது. எங்கே போகத் திட்டம் என்று நான் எழுத வேண்டியதில்லை. நீங்கள் வேண்டாம் என்றால் வர மாட்டோம்.

உங்கள் மகள்

மே 27

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

சுகமா? பதிவுத் தபால் கிடைத்ததற்கு உங்கள் கைநாட்டு வைத்த அட்டை வந்து மூன்று வாரம் ஆகிறது. கடிதம் வரவில்லை.

கொக்கியை மாட்டிவிட்டேன். இப்போது குமிழைத் திருப்பினால் தகடு 'டொக்' என்று மூடுகிறது. விளிம்பில் மெல்லிய பஞ்சுப் பட்டை ஒட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று மெக்கானிக் ஓஸிலும் ஒரு வால்வு வைத்துவிட்டார், வெயில் காலத்தில் வெந்நீரையே நிறுத்திவிடலாம். நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன். இரண்டு பக்கமும் வெறும் காலை வைத்துக்கொண்டு போகலாம்.

அப்பா காலையில் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். கேட்டால் காற்று வாங்குகிறேன் என்கிறார்.

தவிட்டு ஒத்தடம் கொடுத்தீர்களா?

உங்கள் மகள்

ஜூன் 8

அன்புள்ள மகளுக்குப் பெரியப்பா சொல்லி எழுதுவது. 'அன்புள்ள' நான்தான் போடச் சொன்னேன், டீச்சர் தானாகப் போடவில்லை.

நான் சுகம் என்று எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். முட்டி சுகம். தவிட்டுக்குக் கேட்கிறது.

நீ அனுப்பியது வந்த அன்றே அலமாரி ஆணியிலிருந்து அவள் டேப்பை எடுத்து மேஜைமேல் நீட்டினேன். நீ அனுப்பியதை அதன் முனையில் வைத்தேன். ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு. சாய்வான வெட்டு சாய்வான வெட்டோடு உட்கார்ந்துகொண்டது, நடுவில் ஒரு நூல் நுழைய இடமில்லை. அப்போதும் எனக்குச் சந்தேகம் விடவில்லை. அவன் வெட்டியிருக்கலாமே என்றுதான் தோன்றியது. பிறகு பார்த்தால், அந்தச் சாய்வு இடப்பக்கமாக ஏறுகிறது. அவள் இடக்கைக்காரி. எங்கள் வீட்டில் அந்தக் கத்தரிக்கோலை வேறு யார் பிடித்தாலும் வெட்டாது. முப்பத்தொரு வருஷமாக என் அறையில், என் கட்டிலுக்கு எதிரில் தொங்குகிறது அந்த வெட்டு.

என் ஞாபகத்தைப் பற்றி எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். மீட்டர் எண் நினைவிருக்கிறது. அவள் போட்டிருந்த காலுறையின் நிறம்கூட நினைவிருக்கிறது, சாம்பல் நிறம், குதிகாலில் தையல். அவ்வளவு சூட்டில் ஒருத்தி காலுறையோடு உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன், உன் அப்பாவுக்கு இது தெரியாது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், "அந்த வண்டி விஷயம் ஒண்ணு உங்ககிட்ட..." என்று அவள் ஆரம்பித்தாள். "அவன் பேச்சு இந்த அறையில வேண்டாம்" என்றேன். மறுநாளும் ஆரம்பித்தாள். எழுந்து வெளியே போய்விட்டேன். மூன்றாம் நாள் அவள் ஆரம்பிக்கவில்லை. அவள் எதையும் மறைத்துக்கொண்டு போகவில்லை. நான்தான் கேட்காமல் அனுப்பினேன். அவனிடம் இதைச் சொல். சத்தியத்தை அவன் காப்பாற்ற வேண்டியிருந்ததே என்னால்தான்.

ஒரு மாதம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத வாய் வரவில்லை. டீச்சர் பேனாவோடு வந்து உட்காருவார், நான் டீ கொடுத்து அனுப்பிவிடுவேன். பதினோரு டீ குடித்திருக்கிறார்.

வாருங்கள். பாலத்து வழியாகவே வா, இப்போது அகலப்படுத்தியிருக்கிறார்கள். வெயில் ஏறுமுன் கிளம்பு. மேட்டில் மூன்றாவது கியரில் இழுக்கப் பார்க்காதே, இரண்டுக்கு வந்துவிடு. கொக்கி மாட்டியாகிவிட்டது, வால்வும் வைத்தாகிவிட்டது, ஆகவே பக்கத்து சீட்டில் இனி ஜில்லென்று இருக்கும். அங்கே ஒரு கம்பளி வை. கால் குளிருகிறதா என்று அடிக்கடி கேள். இல்லை என்றால் நம்பாதே, தொட்டுப் பார்.

இங்கே கீழ் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன், படி ஏற வேண்டாம். வாசலில் ஒரு நாற்காலிதான் இருந்தது. இன்னொன்று வாங்கிப் போட்டிருக்கிறேன்.

அன்று அந்தப் பாலத்தில் நின்றவர்களை நேற்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். கயிறு போட்டு இழுத்த லாரிக்காரர் அடுத்த மழைக்காலத்துக்குள் போய்விட்டார், அதே சாலையில்தான். உன் அம்மா போய் ஒன்பது வருஷம், நான் வரவில்லை. உன் பெரியம்மா. நீ அப்போது வயிற்றில், நீ ஒன்றும் பார்க்கவில்லை. என்னையும் விட்டுவிடு, நான் பார்த்ததெல்லாம் தப்பாகத்தான் பார்த்திருக்கிறேன். மீதி இருப்பது ஒருவன்தான். நீ கேட்டாயே, அந்தப் பேரையே எழுதச் சொல்கிறேன். வாசலில் தபாலுக்குக் காத்திருப்பவனிடம் இந்த வரியை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டு: தக்கை.